கல்லுக்கடியில் ஒரு கடல் பிராணி

நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் பள்ளியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பழைய செங்கற்கள் அடுக்கிக் கிடந்தன. ஒருநாள் மத்தியான இடைவேளையில் நானும் என் நண்பனும் அவற்றில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தோம். அடியில், ஈரமண்ணில், சாம்பல் நிறத்தில் ஏராளமான சின்னஞ்சிறு பிராணிகள்! வெளிச்சம் பட்டதும் அவை நாலாபக்கமும் ஓடத் தொடங்கின. கைக்கு அகப்பட்டவற்றைப் பிடித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

என் பங்கைக் காலித் தீப்பெட்டி ஒன்றில் போட்டேன். அவை மூச்சு விட வேண்டுமே என்று பெட்டியெங்கும் ஊசியால் துளை போட்டேன். நண்பனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. செங்கல்லுக்கடியில் இருந்த ஈரமண்ணையும் மக்கிய இலையையும் ஒரு கைப்பிடி அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டான். அதன்மேல் பிராணிகளை விட்டு மூடியை இறுக்கித் திருகிவிட்டான். "உன்னுடையதெல்லாம் மூச்சு முட்டிச் சாகப்போகிறது, பார்" என்று நான் அவனை எச்சரித்தேன்.

மறுநாள் மாலை தீப்பெட்டியைத் திறந்தேன். அத்தனையும் செத்துக் கிடந்தன. ஊதினால் பறந்துவிடும் சருகைப் போல உலர்ந்து போயிருந்தன. நண்பனுடைய பாட்டிலில் இருந்தவையோ இலைக்கடியில் சௌக்கியமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

காற்றோட்டமாக வைத்தவை செத்தன. மூடி வைத்தவை பிழைத்தன. இது என்ன நியாயம்? ஆசிரியரிடம் கேட்கலாம் என்றால், எங்கே பிடித்தாய், ஏன் பிடித்தாய் என்று வேறு கேள்விகள் வரும். கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பூச்சி அல்ல!

முதலில் பிராணியை அறிமுகம் செய்துகொள்வோம். பூந்தொட்டியின் அடியில், குளியலறைத் தண்ணீர் பாயும் வாழைமரத்தடியில், குப்பை எருக்குழியில், உளுத்துப்போன மரத்துண்டின் பட்டைக்குள் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு செ.மீ. நீளம் அல்லது அதற்கும் குறைவு. முதுகில் ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த தகடுகள். முன்னால் இரண்டு உணர்கொம்புகள். சில இனங்கள் தொட்டதும் பந்துபோல் உருண்டுகொள்ளும். கடிக்காது, கொட்டாது. ஆங்கிலத்தில் இதற்கு 'வுட்லௌஸ்' என்று பெயர். மரப்பேன் என்று பொருள். பேனுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் வேறு பெயர் தேடி அலையாமல் இந்தக் கட்டுரையில் மரப்பேன் என்றே அழைப்போம். உருண்டுகொள்கிறதே என்று மரவட்டை என எண்ணிவிடாதீர்கள். மரவட்டையின் உடல் நீளமானது; அதன் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்கள் இருக்கும்.

மரப்பேனின் கால்களை எண்ணிப் பாருங்கள். பூச்சிக்கு 6 கால்கள், சிலந்திக்கு 8. மரப்பேனுக்கு 14! ஆகவே இது பூச்சியும் அல்ல, சிலந்தியும் அல்ல. நண்டும் இறாலும் அடங்கிய 'கிரஸ்டேஷியா' என்ற வகுப்பைச் சேர்ந்தது. இதன் நெருங்கிய உறவினர்களில் மிகப் பல இன்றும் கடலில்தான் வாழ்கின்றன. ஆழ்கடலில் வாழும் ஒரு வகை 30 செ.மீ.க்கு மேலும் வளருகிறது. அதன் படத்தைப் பார்த்தால் நம் தோட்டத்து மரப்பேனையே யாரோ பூதக்கண்ணாடியில் காட்டியது போலிருக்கும்.

இந்தக் கடல் குடும்பத்தில் ஒரு கிளை எப்போதோ கரையேறிவிட்டது. மியன்மாரில் கிடைத்த, சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையான அம்பர் கட்டிகளுக்குள் மரப்பேன்கள் சிக்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எனவே அதற்கும் முன்பே அவை நிலத்துக்கு வந்திருக்க வேண்டும். இன்று நிலத்தில் வாழும் மரப்பேன் இனங்கள் 3,500க்கும் அதிகம். நண்டுகளிலும் நிலத்தில் திரிபவை உண்டு. ஆனால் அவற்றில் பலவும் முட்டையை விடுவதற்குக் கடலுக்கே திரும்பிப் போகின்றன. மரப்பேன் திரும்பிப் போவதில்லை.

அப்படியானால், இத்தனை கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நாள் ஈரமில்லாவிட்டால் ஏன் செத்துப்போகிறது?

ஜாடியும் பானையும்

ஊறுகாய் போட்டு வைக்கும் பீங்கான் ஜாடியையும், தண்ணீர் வைக்கும் மண்பானையையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் களிமண்ணைச் சுட்டுச் செய்தவைதாம். இரண்டும் கெட்டியானவைதாம். ஆனால் ஜாடியின்மேல் மெருகு பூசியிருக்கிறது. உள்ளே இருப்பது வெளியே கசியாது. பானையில் மெருகு இல்லை. அதன் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகிக்கொண்டே இருக்கிறது.

பூச்சி ஜாடியைப் போன்றது. அதன் புறத்தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. இதனால்தான் கொளுத்தும் வெயிலிலும் எறும்பு சுவரில் சாரை சாரையாகப் போக முடிகிறது. இந்த மெழுகு எவ்வளவு முக்கியம் என்பதை 1945-ல் விக்கிள்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சோதனை செய்து காட்டினார். மிக நுண்ணிய, சொரசொரப்பான தூள் பூச்சியின் மெழுகைத் தேய்த்துவிட்டால் போதும். பூச்சியின் உடல்நீர் விரைவாக ஆவியாகி அது உலர்ந்து செத்துவிடுகிறது. நம் பாட்டிமார்கள் விதைப் பயற்றில் சாம்பலைக் கலந்து வைப்பது வண்டு விழாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரப்பேனோ மண்பானையைப் போன்றது. அதன் ஓடு வலுவானது. சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகியது. ஆனால் பூச்சிக்கு இருப்பது போன்ற நல்ல மெழுகுக் காப்பு அதற்கு இல்லை. சுற்றியுள்ள காற்று உலர்ந்திருந்தால் முதுகு, வயிறு, கால் எல்லா இடத்திலிருந்தும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எட்னி என்ற விஞ்ஞானி 1950களில் பலவகை மரப்பேன்களை உலர்ந்த காற்றில் வைத்து, நிறுத்துப் பார்த்து, அவை இழக்கும் நீரைக் கணக்கிட்டார். கடற்கரைப் பாறையில் வாழும் இனம் மிக வேகமாக நீரை இழந்தது. தோட்டத்து இனங்கள் அதைவிட மெதுவாக இழந்தன. பந்தாக உருளும் இனம் இன்னும் மெதுவாக இழந்தது. ஆனால் எந்த இனமும் நீர் இழப்பை அடியோடு நிறுத்திவிடவில்லை.

இதோடு உருவத்தின் சிறுமையும் சேர்ந்துகொள்கிறது. முழுக் கத்தரிக்காயை வெயிலில் வைத்தால் பல நாள் ஆனாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதையே சிறு துண்டுகளாக நறுக்கிப் பரப்பினால் இரண்டொரு நாளில் வற்றல் ஆகிவிடும். துண்டு சிறிதாகச் சிறிதாக, அதன் கனஅளவுக்கு மேற்பரப்பு அதிகமாகிறது. அதிக மேற்பரப்பு என்றால் அதிக ஆவியாதல். மரப்பேன் ஒரு துண்டு கத்தரிக்காயைவிடச் சிறியது அல்லவா? என் தீப்பெட்டியில் நடந்ததும் வற்றல் போடும் வேலைதான். நான் அக்கறையோடு போட்ட ஒவ்வொரு துளையும் அதை விரைவுபடுத்தியது.

பானையைப் போல் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதற்குக் காரணம் ஆவியாதல்தான். கடலோரப் பாறைகளிலும் துறைமுகச் சுவர்களிலும், நம் இந்தியக் கடற்கரை உட்பட, 'லிஜியா' என்ற மரப்பேன் வகை கரப்பானைப் போல விர்ரென்று ஓடுவதைப் பார்க்கலாம். இங்கிலாந்துக் கடற்கரையில் எட்னி ஒரு விந்தையைக் கண்டார். கூழாங்கற்களுக்கு அடியில் புழுக்கம் அதிகமானபோது லிஜியாக்கள் வெயிலுக்கே வெளியேறி வந்தன! அங்கே காற்றுப் பட்டு உடல்நீர் ஆவியாவதால், நிழலில் இருந்ததைவிட அவற்றின் உடல் குளிர்ந்தது. பக்கத்திலேயே கடல் இருப்பவனுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகும். தோட்டத்து மரப்பேனுக்கு ஆகாது.

வயிற்றடியில் மூச்சு

ஈரம் வேண்டியிருப்பதற்கு இரண்டாவது காரணம் சுவாசம். மரப்பேனை ஒரு கண்ணாடிச் சில்லின்மேல் விட்டு, அடியிலிருந்து கைலென்ஸ் மூலம் பாருங்கள். நடக்கும் கால்களுக்குப் பின்னால், வால் பக்கமாக, மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடிக்கொண்டிருக்கும். இவையும் ஒருவகைக் கால்களே. மொத்தம் 5 ஜோடி. கடலில் வாழும் உறவினர்களுக்கு இவை நீந்தவும் சுவாசிக்கவும் பயன்படுகின்றன. நிலத்து மரப்பேனுக்கு நீச்சல் இல்லை. சுவாசம் மட்டும் மிச்சம்.

மீனின் செவுளைப் போலவே இந்தத் தகடுகளும் ஈரமாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் முதலில் தகட்டின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்து, பிறகு தோல் வழியே இரத்தத்தில் சேருகிறது. நீர்ப்படலம் உலர்ந்தால்? மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டது போலத்தான். சுற்றிலும் காற்று இருக்கும். ஆனால் மூச்சுவிட முடியாது. உலர்ந்த காற்றில் சில மரப்பேன் இனங்கள் உட்கொள்ளும் ஆக்ஸிஜன் குறைந்துபோவதை 1955-ல் எட்னியும் ஸ்பென்சரும் அளந்து காட்டினார்கள்.

எல்லா இனங்களும் இந்த நிலையிலேயே நின்றுவிடவில்லை. சில இனங்களைத் திருப்பிப் பார்த்தால் முதல் இரண்டு ஜோடித் தகடுகளில் வெள்ளை வெளேரென்று புள்ளிகள் தெரியும். அவற்றுக்குள் மரக்கிளைபோல் பிரியும் நுண்குழாய்கள் இருக்கின்றன. குழாய்களில் காற்று நிறைந்திருப்பதால்தான் வெண்மை. இவை மரப்பேன் தானே உண்டாக்கிக்கொண்ட சிறு நுரையீரல்கள் எனலாம். ஈரமான சுவாசப் பரப்பு உடலின் உட்புறம் பத்திரமாக இருப்பதால் சீக்கிரம் உலர்வதில்லை. இத்தகைய இனங்கள் சற்று உலர்ந்த இடங்களிலும் தாக்குப்பிடிக்கின்றன.

இழந்த நீரைத் திரும்பப் பெறவும் மரப்பேனுக்கு வழிகள் உண்டு. ஈரமான உணவைத் தின்கிறது. வாயால் குடிக்கிறது. இவை போதாதென்று பின்பக்கத்தாலும் குடிக்கிறது! வால் நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு சிறு குச்சிகளை ஒன்றுசேர்த்து நீர்த்துளியில் தொட்டுக்கொண்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல் நீர் மேலேறுகிறது. வகுப்பில் 'நுண்புழை ஏற்றம்' என்று படிக்கிறீர்களே, அதேதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 90 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால், சில இனங்கள் காற்றிலுள்ள நீராவியையே உறிஞ்சிக்கொள்ளும் என்பதை ரைட், மாசின் என்ற இருவர் 1990-ல் நிரூபித்தார்கள். செங்கல்லுக்கடியிலும் நண்பனுடைய பாட்டிலுக்குள்ளும் ஈரப்பதம் அந்த அளவுக்குக் குறையாமல் இருந்திருக்கும்.

கழிவு விஷயத்திலும் மரப்பேன் தனி வழிதான். உடலில் புரதம் சிதையும்போது அம்மோனியா என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. மீன்கள் அதை நிறைய நீரில் கரைத்து வெளியேற்றிவிடும். நாம் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறோம். பூச்சிகளும் பறவைகளும் யூரிக் அமிலமாக மாற்றிக் கெட்டியாகக் கழிக்கின்றன. மரப்பேன் எதையும் மாற்றாமல் அம்மோனியாவை அப்படியே வாயுவாக வெளியே விட்டுவிடுகிறது! நிறைய மரப்பேன்களை அடைத்த பெட்டியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் வாசனை வருவது இதனால்தான். வாயுவாகப் போவதால் சிறுநீரில் போகவேண்டிய நீர் மிச்சம். ஓட்டை பானையிலும் ஒரு சிக்கனம்!

கண்ணைக் கட்டிக்கொண்டு நிழல் தேடுவது எப்படி?

உடலின் குறையை மரப்பேன் நடத்தையால் ஈடுசெய்கிறது. என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான்.

ஈரமான இடம் எங்கே இருக்கிறது என்று மரப்பேனுக்கு எப்படித் தெரியும்? தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்து நேராகப் போகிறதா? 1937-ல் டொனால்ட் கன் என்ற விஞ்ஞானி 'போர்செல்லியோ ஸ்கேபர்' என்ற இனத்தை வைத்து இதைச் சோதித்தார். ஒரு பக்கம் உலர்ந்த காற்றும் மறுபக்கம் ஈரக்காற்றும் உள்ள பெட்டியில் அவற்றை விட்டார். சிறிது நேரத்தில் பெரும்பாலானவை ஈரப்பக்கத்தில் சேர்ந்துவிட்டன. ஆனால் அவற்றின் நடையைக் கூர்ந்து கவனித்தபோது, அவை ஈரத்தை நோக்கிக் குறிபார்த்துப் போகவில்லை என்பது தெரிந்தது. உலர்ந்த காற்றில் அவை ஓயாமல் நடந்தன. ஈரக்காற்றில் பெரும்பாலும் நின்றுவிட்டன. அவ்வளவுதான் சூத்திரம்!

இது எப்படி வேலை செய்கிறது? சித்திரை மாதத்து உச்சிவேளையில் கோயிலின் வெளிப்பிரகாரத்தில், செருப்பில்லாமல், ஐம்பது பேரைக் கண்ணைக் கட்டி விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கல் சுடும். நிற்க முடியாது. ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். ஓடும்போது யாராவது தற்செயலாக ஒரு மண்டபத்தின் நிழலுக்குள் கால் வைத்தால், குளிர்ச்சி தெரிந்ததும் நின்றுவிடுவார்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாரும் நிழலில் இருப்பார்கள். ஒருவருக்கும் நிழல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, வழிகாட்டியவரும் இல்லை. இருந்தும் கூட்டம் நிழலில் சேர்ந்துவிட்டது. மரப்பேனும் இப்படித்தான் ஈரத்தை அடைகிறது.

ஓடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. வழியில் தடை வந்து வலப்பக்கம் திரும்ப நேர்ந்தால், அடுத்த தடையில் மரப்பேன் பெரும்பாலும் இடப்பக்கம் திரும்பும். அதற்கடுத்து மறுபடி வலம். வலம், வலம், வலம் என்று திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர நேரும். மாற்றி மாற்றித் திரும்பினால் தடைகளுக்கு நடுவிலும் ஏறத்தாழ நேர்க்கோட்டில் ஆபத்தான இடத்தைவிட்டு விலகிவிடலாம். அட்டையில் சிறு சந்துகள் செய்து விட்டு நீங்களே இதைப் பார்க்கலாம்.

இரவும் பகலும் மரப்பேனின் போக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. கிளவுட்ஸ்லி-தாம்ஸன் என்ற விஞ்ஞானி 1952-ல் இதை ஆராய்ந்தார். இரவில் ஈரத்தை விட்டு நகரக் கூடாது என்ற கட்டுப்பாடு மரப்பேனிடம் தளர்ந்துவிடுகிறது. எனவே அது இரை தேடி வெளியே உலவுகிறது. இருட்டில் இருந்தபின் வெளிச்சத்தின்மேல் அதற்கு வெறுப்பு அதிகமாகிறது. எனவே விடிந்ததும் மறைவிடத்துக்கு ஓடிவிடுகிறது. பகலில் மறைவிடமே உலர்ந்துவிட்டால் என்ன செய்வது? அப்போது வெளிச்சத்தின்மேல் இருந்த வெறுப்பு மறைந்து, வெளியேறி வேறிடம் தேடுகிறது. எது பெரிய ஆபத்தோ அதற்கு ஏற்றபடி விதி மாறிவிடுகிறது.

மரப்பேன்கள் கும்பலாக நெருங்கிக் கிடப்பதும் நீரைக் காக்கவே. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது காற்றுப் படும் பரப்பு குறைகிறது. அமெரிக்காவில் ஆலி என்ற விலங்கியல் அறிஞர் 1926-லேயே இதை எடுத்துக்காட்டினார். தனியே இருக்கும் மரப்பேனைவிடக் கும்பலில் இருப்பது மெதுவாகவே நீரை இழக்கிறது. பந்தாக உருள்வது எதிரிக்குத் தப்ப மட்டும்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். உருண்டிருக்கும்போது நீர் இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. மெல்லிய வயிறும் சுவாசத் தகடுகளும் பந்தின் உள்ளே போய்விடுகின்றன அல்லவா?

இவ்வளவும் படித்தபின், ஈரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கத் தோன்றும். அதுவும் சரியல்ல. நீராவி நிறைந்த பொந்தில், ஈர இலையையே தின்றுகொண்டு கிடந்தால் உடலில் நீர் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். நெதர்லாந்தில் டென் போயர் என்பவர் இரவில் மரப்பேன்கள் மரங்களில் ஏறுவதைக் கவனித்து ஆராய்ந்து 1961-ல் வெளியிட்டார். பகலெல்லாம் ஈரத்தில் கிடந்து மிகையாகச் சேர்ந்த நீரை, காற்றோட்டமான மரத்தின்மேல் உலாவி ஆவியாக்கிவிட்டு வருகின்றன என்பது அவர் முடிவு. ஈரத்துக்காக உயிரை விடும் பிராணி, ஈரத்தைக் குறைத்துக்கொள்ள மரமேறுகிறது!

மடியில் ஒரு குட்டிக் கடல்

கடலில் வாழும் பிராணியின் குஞ்சுக்கு நீர் வேண்டும். நிலத்தில் நீருக்கு எங்கே போவது? தாய் மரப்பேன் இதற்கு அழகான ஏற்பாடு செய்திருக்கிறது. அதன் மார்புக்கு அடியில் மெல்லிய தகடுகள் சேர்ந்து ஒரு பை அமைகிறது. பையில் திரவம் நிறைந்திருக்கும். முட்டைகள் அதற்குள்தான் வளர்ந்து பொரிக்கின்றன. வெளிவரும் குஞ்சுகள் வெள்ளையாக, குண்டூசித் தலையைவிடச் சிறியவையாக இருக்கும். அவற்றுக்கு 6 ஜோடிக் கால்கள்தாம். ஏழாவது ஜோடி பிறகு தோலுரிக்கும்போது முளைக்கிறது. என் நண்பனுடைய பாட்டிலில் மூன்றாவது வாரம் இலையின்மேல் வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன. பூசணம் என்று நினைத்து நாங்கள் அதைக் கொட்டிவிட்டோம். என்ன அறியாமை!

தோலுரிப்பதும் இரண்டு தவணையில் நடக்கிறது. முதலில் பின்பாதிச் சட்டையைக் கழற்றும். ஒரு நாளோ சில நாளோ கழித்து முன்பாதி. ஆகவே பாதி வெளுத்தும் பாதி கறுத்தும் இருக்கும் மரப்பேனைக் கண்டால் நோய் என்று எண்ண வேண்டாம். புதுத்தோல் இறுகும்வரை அதற்கு ஆபத்தான நேரம். ஈரமான மறைவிடம் அப்போது மிகமிக அவசியம்.

பாலைவனத்திலும் உண்டு

கடைசியாக ஓர் ஆச்சரியம். வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் உள்ள பாலைவனங்களில் 'ஹெமிலெபிஸ்டஸ்' என்ற மரப்பேன் ஏராளமாக வாழ்கிறது. ஈரத்தை நம்பும் பிராணி பாலைவனத்தில் எப்படி? அது ஈரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மண்ணைத் தோண்டி ஈரத்தை எட்டிப் பிடித்துவிட்டது.

வசந்த காலத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு வளையை வெட்டுகின்றன. கோடை ஏற ஏற மேல்மண் உலரும், வளையும் ஆழமாகும். அரை மீட்டருக்கும் கீழே ஈரமும் குளிர்ச்சியும் நிலைத்திருக்கும். இப்படி ஒரு வளையை வெட்டுவது பெரும் பாடு. கோடையில் புதிதாக வெட்ட முடியாது. எனவே வளையைப் பறிகொடுத்தால் குடும்பமே அழியும். ஒருவர் இரை தேடப் போனால் மற்றவர் வாசலில் காவல் நிற்கிறார். குஞ்சுகளும் பெற்றோருடனேயே வாழ்கின்றன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை ஒன்றையொன்று உடலின் மேலுள்ள இரசாயன அடையாளத்தால் தெரிந்துகொள்கின்றன. அந்நியன் வந்தால் விரட்டிவிடுகின்றன. ஜெர்மானிய விஞ்ஞானி லின்ஸன்மயர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கினார். குடும்பம், காவல், வீடு எல்லாம் ஒரு கைப்பிடி ஈரமண்ணைக் காப்பதற்காக!

நீங்களே செய்து பாருங்கள்

கன் செய்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம். மூடியுள்ள, தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்று வேண்டும். ஒரு பாதியில் நனைத்துப் பிழிந்த மையொற்றுத் தாளை விரியுங்கள். மறுபாதியில் உலர்ந்த தாளை விரித்து, புதுச் செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்திருக்கும் சிறு பொட்டலங்கள் இரண்டைப் பிரிக்காமல் வையுங்கள். இரண்டு பாதிகளையும் மூடும்படி மேலே ஒரு கொசுவலைத் துணியைப் பரப்புங்கள். பத்து மரப்பேன்களை நடுவில் விட்டு மூடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழக் கூடாது. இல்லாவிட்டால் அவை ஈரத்துக்குப் போயினவா, இருட்டுக்குப் போயினவா என்று தெரியாது.

நிமிடத்துக்கு ஒருமுறை, பதினைந்து நிமிடங்கள் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் எத்தனை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நடக்கின்றன, எத்தனை நிற்கின்றன என்பதையும் எழுதுங்கள். பிறகு டப்பாவைத் திருப்பி வைத்து மீண்டும் செய்யுங்கள். இரு பக்கமும் ஈரத்தாள் போட்டு ஒருமுறையும் செய்யுங்கள். அப்போதும் ஒரே பக்கத்தில் கூடினால் காரணம் வேறு என்று பொருள்.

அரைமணி நேரத்துக்கு மேல் உலர்ந்த டப்பாவில் வைக்க வேண்டாம். எடுத்த இடத்திலேயே விட்டு, கல்லை முன்பு இருந்தபடியே மெல்ல வைத்துவிடுங்கள். சில நாள் வைத்திருந்து பார்க்க ஆசையாக இருந்தால், ஈரமண்ணும் மக்கிய இலையும் போட்ட கண்ணாடிப் பாட்டில் போதும். தீப்பெட்டி மட்டும் வேண்டாம்.